சொல்லாமல் ஒப்படைத்த பிள்ளை

காலை எட்டரை மணிக்கு ஜெகதாம்பாள் மகளுக்கு இரட்டைச் சடை பின்னிக்கொண்டிருந்தாள். பின்னும்போதே பாடமும் நடந்தது. அது எந்தப் புத்தகத்திலும் இல்லாத பாடம்.

"பாக்யலட்சுமி எந்திரிச்சு, உக்காந்துட்டா?" மகளின் வலது காதருகே குனிந்து கேட்டாள்.

"நான் எந்திரிக்கணும்."

"எந்திரிச்சு?"

"உள்ளேன் டீச்சர்!"

"கத்தாதடி. மெதுவா."

"உள்ளேன் டீச்சர்!" என்று சிவரஞ்சனி இன்னும் சத்தமாகச் சொன்னாள். மெதுவாகச் சொல்வது எப்படி என்று அவளுக்குத் தெரியாது. தன் குரலே அவளுக்குச் சரியாகக் கேட்டதில்லை.

அவளுக்கு ஏழு வயது. அரியலூருக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் இரண்டாம் வகுப்புப் படித்தாள். இடது காது சுத்தமாகக் கேட்காது. வலது காதில், பக்கத்தில் நின்று உரக்கப் பேசினால் கேட்கும். மூன்று வயதில் வந்த காய்ச்சலுக்குப் பிறகு இரண்டு காதிலும் சீழ் வடிந்தது. பூண்டு போட்டுக் காய்ச்சிய எண்ணெயை விட்டார்கள். சீழ் நின்றதும் நோய் போய்விட்டது என்று நினைத்துக்கொண்டார்கள். கூப்பிட்டால் பிள்ளை திரும்பிப் பார்ப்பதும் நின்றுவிட்டது என்பதைக் கவனிக்க இன்னும் ஆறு மாதம் ஆயிற்று.

அப்பா அண்ணாதுரை சுண்ணாம்புக்கல் ஏற்றும் லாரியில் டிரைவர். பள்ளிக்கூடத்தில் சேர்த்த அன்றே மனைவியிடம் சொல்லிவிட்டான்.

"காதப் பத்தி அங்க வாயத் தொறக்காத. ஒரு தடவ பேரு வுழுந்துச்சுன்னா அப்புறம் அதான் பேரு. நம்ம தெருவுல காது கேக்காத பெரியவரு ஆண்டவருக்கு என்னா ஆச்சு? மவனுக்குக் கல்யாணம் பண்றாரு, 'செவிடர் வூட்டுக் கல்யாணத்துக்குப் போறேன்'ங்கறான் ஊர்ல. பொம்பளப் புள்ளடி இது."

ஜெகதாம்பாளுக்கு அந்தப் பயம் இருந்தது. ஆனால் அதைவிடப் பெரிதாக இன்னொன்றும் இருந்தது. பக்கத்து ஊரில் காது கேட்காத ஒரு பையனைத் திருச்சியில் ஹாஸ்டல் இருக்கிற பள்ளிக்கூடத்தில் சேர்த்திருந்தார்கள். பொங்கலுக்கும் தீபாவளிக்கும்தான் வருவான். சொன்னால் தன் பிள்ளையையும் அங்கே அனுப்பச் சொல்லிவிடுவார்கள் என்று அவள் முடிவுகட்டியிருந்தாள். அது சரிதானா என்று யாரிடமும் கேட்கவில்லை. கேட்டால் சொன்ன மாதிரி ஆகிவிடுமே.

அதனால் அவளே ஒரு வழி கண்டுபிடித்தாள். வருகைப் பதிவேட்டில் சேர்ந்த வரிசைப்படி பெயர் இருந்தது. சிவரஞ்சனிக்கு முந்தின பெயர் பாக்யலட்சுமி. பக்கத்தில் உட்காருகிறவளும் அவள்தான். அவள் எழுந்து உட்கார்ந்தால் இவள் எழ வேண்டும். அவள் சிலேட்டில் எழுதினால் பார்த்து எழுத வேண்டும். யாராவது எதையாவது கேட்டால் தலையை ஆட்டிவிட வேண்டும். பிள்ளை கெட்டிக்காரி. ஒன்றரை வருடம் இப்படியே ஓட்டிவிட்டாள்.

அந்த ஒன்றியப் பள்ளிக்கூடத்தில் ஐந்து வகுப்புக்கு இரண்டே ஆசிரியர்கள். முதல் மூன்று வகுப்பையும் ஒரே கூடத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டவர் மரிய புஷ்பம் டீச்சர். வரதராஜன்பேட்டையிலிருந்து இரண்டு பஸ் மாறி வருவார். அறுபது பிள்ளைகளின் இரைச்சலில் ஒரு பிள்ளையின் மௌனம் கண்ணில் படுவது கடினம். ஆனாலும் தை மாதத்தில் ஒருநாள் அவர் கண்ணில் பட்டது. ஜெகதாம்பாளை வரச் சொல்லி ஆள் அனுப்பினார்.

ஜெகதாம்பாள் போகிற வழியெல்லாம் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டாள். 'எம் பொண்ணுக்குக் காது சரியாக் கேக்காதுங்க டீச்சர். முன்னாடி உக்கார வைங்க.' இவ்வளவுதான். இரண்டு வரி. இன்றைக்குச் சொல்லிவிடுவது என்றுதான் போனாள்.

பள்ளிக்கூடத்துத் தாழ்வாரத்தில் சத்துணவு ஆயா குஞ்சம்மாள் உட்கார்ந்து அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். ஜெகதாம்பாளின் தெருதான். தெருவுக்குச் செய்தி வேண்டுமென்றால் அவளிடம்தான் கேட்பார்கள்.

"வாம்மா," என்றார் டீச்சர். "உங்க பொண்ணுக்குக் காது நல்லாக் கேக்குதா?"

ஜெகதாம்பாள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

"நேத்து அவ பின்னாடி நின்னு நாலு தடவ பேர் சொல்லிக் கூப்புட்டேன். திரும்பவே இல்ல. சாக்பீஸ் டப்பாவக் கீழ போட்டேன். எல்லாப் புள்ளைங்களும் திரும்பிச்சு, அவ திரும்பல. வர்ற சனிக்கிழமை அரியலூர்ல ஒரு முகாம் இருக்கு. கண்ணு, காது எல்லாம் பாக்கறாங்க. தேவைப்பட்டா காதுக்கு மிஷின் குடுக்கறாங்க." ஒரு தாளை எடுத்துக் காட்டினார். "இதோ பாருங்க, அவ பேரப் பென்சில்ல எழுதி வச்சிருக்கேன். நீங்க சரின்னு சொன்னா பேனாவுல எழுதி அனுப்பிருவேன்."

தாழ்வாரத்தில் முறத்தின் சத்தம் நின்றது.

ஜெகதாம்பாள் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்காமலே தெரிந்தது. குஞ்சம்மாள் முறத்தை மடியில் வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருக்கிறாள். சாயங்காலத்துக்குள் தெரு முழுவதும் போய்விடும்.

"காதுக்கு என்னாங்க டீச்சர்," என்று சிரித்தாள். "அது பாம்புக் காது. வூட்டுல பண்ட டப்பாவத் தொட்டாப் போதும், எங்கருந்தாலும் ஓடியாந்துருவா."

"அப்புறம் ஏன் திரும்ப மாட்டேங்கறா?"

"திமிருங்க. அப்படியே அவுங்கப்பன் கொணம். நானும் இப்படித்தான் கத்திக்கிட்டுக் கெடக்கறேன்." அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்த முடியவில்லை. "உங்க புள்ளையா நெனச்சுக்குங்க டீச்சர். கண்ண மட்டும் வுட்டுட்டுத் தோல உரிச்சுருங்க. ஏன்னு ஒரு வார்த்த கேக்க மாட்டோம்."

அந்தப் பக்கத்தில் பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விடுகிற எல்லோரும் சொல்கிற வார்த்தை அது. வந்தவரை 'சாப்பிட்டுப் போங்க' என்று சொல்வது போல ஒரு மரியாதை. சொல்கிற யாரும் அதைப் பொருள் வைத்துச் சொல்வதில்லை. சொல்ல வந்த இரண்டு வரி தொண்டையில் நின்றுகொண்டதால், நாக்கில் தயாராக இருந்த அது வந்துவிட்டது.

டீச்சர் கொஞ்ச நேரம் அவள் முகத்தையே பார்த்தார். பெற்ற தாயைவிடத் தனக்கு என்ன தெரியும் என்று நினைத்திருக்க வேண்டும். மேசையில் கிடந்த ரப்பரை எடுத்து அந்தப் பெயரை அழித்தார். தாளில் இருந்த தூளை வாயால் ஊதினார்.

முறத்தின் சத்தம் மறுபடியும் கேட்டது.

சனிக்கிழமை முகாம் நடந்தது. மேலத்தெருப் பையன் ஒருவன் கண்ணாடி போட்டுக்கொண்டு வந்தான். ஒரு வாரம் எல்லோரும் அவனைச் சோடாபுட்டி என்று கூப்பிட்டார்கள். அடுத்த வாரம் யாரும் கூப்பிடவில்லை. ஜெகதாம்பாள் அதைக் கவனித்தாள். 'பையன்னா பரவால்ல' என்று மனசுக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

மாசி மாதம் ஒரு வியாழக்கிழமை. காலையில் பாக்யலட்சுமி பட்டுப்பாவாடை கட்டிக்கொண்டு வாசலில் நின்றாள். தம்பிக்கு முடி இறக்கக் கல்லங்குறிச்சிக் கோயிலுக்குக் குடும்பத்தோடு கிளம்புகிறார்கள்.

"எங்கடி, பள்ளிக்கூடம் போவலியா?" என்று கேட்ட ஜெகதாம்பாளுக்கு இன்றைக்குப் பிள்ளையை அனுப்ப வேண்டாம் என்று தோன்றியது. ஆனால் அவளுக்கு அன்று களையெடுப்பு. வீட்டில் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. ஒருநாள்தானே என்று அனுப்பிவிட்டாள்.

அந்த வியாழக்கிழமைதான் பள்ளிக்கூடத்தைப் பார்வையிட அதிகாரி வந்தார்.

டீச்சர் பதிவேட்டை எடுத்துப் பெயர் கூப்பிட்டார். அதிகாரி சுவரோரம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பாக்யலட்சுமியின் பெயருக்குப் பதில் இல்லை. அடுத்து, "சிவரஞ்சனி" என்றார்.

சிவரஞ்சனி பக்கத்தில் காலியாகக் கிடந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கே யாராவது எழுந்து உட்கார வேண்டும். பிறகுதான் அவள் எழ முடியும்.

"சிவரஞ்சனி!"

பின்னால் இருந்த பிள்ளைகள் சிரித்தார்கள். ஒருத்தி முதுகில் குத்தினாள். சிவரஞ்சனி பதறி எழுந்து, சொல்லிக்கொடுத்ததைச் சரியாகச் சொன்னாள். "உள்ளேன் டீச்சர்!" கூடமே அதிர்ந்தது.

அதிகாரி எழுந்து வந்து அவளுக்குப் பின்னால் நின்றார். "எந்த ஊரு பாப்பா நீ?" பதில் இல்லை. "அப்பா என்ன வேல பாக்கறாரு?" சிவரஞ்சனி டீச்சரின் முகத்தைப் பார்த்தாள். டீச்சரின் கண் கோபமாக இருந்தது. யாரோ எதையோ கேட்கிறார்கள் என்று மட்டும் புரிந்தது. தலையை ஆட்டினாள்.

"பேரக் கூப்புட்டா எந்திரிக்கல, கேள்வி கேட்டாத் தலைய ஆட்டுது. ரெண்டு வருசமா என்னம்மா சொல்லிக் குடுத்தீங்க?" என்று அதிகாரி அறுபது பிள்ளைகளுக்கு முன்னால் கேட்டார். நோட்டில் ஏதோ எழுதிவிட்டு ஜீப்பில் ஏறிப் போனார்.

ஜீப் தெருமுனை திரும்பியதும் டீச்சர் சிவரஞ்சனியின் முன்னால் வந்து நின்றார்.

"வேணும்னே பண்றல்ல? எல்லாருக்கும் முன்னாடி என்ன அவமானப்படுத்தணும்னே பண்றல்ல?"

குழந்தை டீச்சரின் உதடுகளைப் பார்த்தாள். வேகமாக அசைந்ததால் ஒன்றும் பிடிபடவில்லை. பிடிபடாதபோது என்ன செய்ய வேண்டுமோ அதைச் செய்தாள். தலையை ஆட்டினாள், ஆமாம் என்று.

டீச்சர் கையை ஓங்கினார். ஒரே அடி. வலது கன்னத்திலும் காதிலுமாக விழுந்தது.

சாயங்காலம் ஜெகதாம்பாள் வயலிலிருந்து வந்தபோது சிவரஞ்சனி வீட்டுக்குள் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். ரிப்பன் அவிழ்ந்து தொங்கியது. ஜெகதாம்பாள் கை கால் கழுவிவிட்டு வந்து, எப்போதும் போல வலது பக்கம் குனிந்து, "என்னா கண்ணு, சாப்புட்டியா?" என்று கேட்டாள்.

பிள்ளை திரும்பவில்லை.

இன்னும் உரக்கக் கேட்டாள். தோளைத் தொட்டாள். சிவரஞ்சனி திடுக்கிட்டுத் திரும்பினாள். காது மடலின் ஓரத்தில் ரத்தம் காய்ந்திருந்தது.

"யம்மா," என்றாள் பிள்ளை. "வாய மட்டும் அசைக்காத. பேசு."

ஜெகதாம்பாள் பேசிக்கொண்டுதான் இருந்தாள்.

திருச்சிப் பெரியாஸ்பத்திரியில் மூன்று தடவை பார்த்தார்கள். மூன்றாம் தடவை டாக்டரம்மா ஒளிக்காமல் சொன்னார். "இந்தக் காதுல சவ்வு ஏற்கனவே நைஞ்சு போயிருந்துச்சு. அடியில கிழிஞ்சு, உள்ளயும் சேதமாயிருச்சு. இனிமே இந்தக் காத நம்ப முடியாதும்மா." பிறகு கேட்டார். "இவ்ளோ நாளா ஏன் கூட்டியாரல? முன்னாடியே மிஷின் வச்சிருந்தா எல்லாப் புள்ளைங்களோடயும் உக்காந்து உங்க ஊர்லயே படிச்சிருக்கலாமே."

ஊர்லயே. அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் அவள் இத்தனை நாள் வாயை மூடிக்கொண்டிருந்தாள்.

மறுநாள் அண்ணாதுரை ஐந்தாறு பேரைச் சேர்த்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போனான். மரிய புஷ்பம் டீச்சர் வாசலிலேயே நின்றிருந்தார். ஒளியவில்லை.

"எம் புள்ள மேல கை வச்சது யாரு?"

"நாந்தாங்க."

"ஒரு செவிட்டுப் புள்ளைய அடிக்க ஒனக்கு எப்படி மனசு வந்துச்சு? நீயெல்லாம் ஒரு டீச்சரா?"

எந்த வார்த்தை மகள் மேல் விழக் கூடாது என்று ஒன்றரை வருடம் காத்தானோ, அதை அவனே தெருவில் நின்று கத்தினான். டீச்சர் அவனைத் தாண்டி, பின்னால் ஓடிவந்த ஜெகதாம்பாளைப் பார்த்தார்.

"நான் கேட்டனேம்மா. காது கேக்குதான்னு உங்கள உக்கார வச்சுக் கேட்டனே."

"கேட்டீங்க."

"நல்லாக் கேக்கும்னு நீங்கதான..."

"பொய் சொன்னேன் டீச்சர்."

அண்ணாதுரை திரும்பி மனைவியைப் பார்த்தான். அவனுடன் வந்தவர்களும் பார்த்தார்கள். ஜெகதாம்பாள் தாழ்வாரத்தைக் காட்டினாள். "இந்தக் குஞ்சம்மாக்கா கேட்டுக்கிட்டு இருந்துச்சு. ஊருக்குத் தெரிஞ்சுருமேன்னு சொல்லல."

குஞ்சம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். "அடிப் பாவி! அவளுக்குக் காது கேக்காதுன்னு நம்ம தெருவுல யாருக்குடி தெரியாது? மூணு வருசமாத் தெரியும். நீ மறைக்கறியேன்னுதான்டி நாங்க வாயத் தொறக்கல. ஒம் மனசு கஷ்டப்படுமேன்னுதான்டி டீச்சர்கிட்டகூடச் சொல்லல."

கூட வந்த ஆண்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். அவர்களுக்கும் தெரிந்துதான் இருந்தது.

"யாரு சொன்னாலும் சொல்லாட்டியும் கைய ஓங்கினது நான்," என்றார் டீச்சர். "எனக்குச் சந்தேகம் வந்துச்சு. வந்ததுக்கப்புறமும் அடிச்சேன். அத எந்த ரப்பராலயும் அழிக்க முடியாதும்மா." அன்றே நடந்ததை எழுதி மேலிடத்துக்கு அனுப்பினார். சித்திரைக்குள் அவரை வேறு ஊருக்கு மாற்றிவிட்டார்கள். சிவரஞ்சனிக்கு அதனால் எதுவும் திரும்பி வரவில்லை.

அதே வருடம், இரண்டாயிரத்து ஐந்து ஜூனில் ஜெகதாம்பாள் மகளைக் கூட்டிக்கொண்டு திருச்சிக்குப் போனாள். காது கேளாத பிள்ளைகள் படிக்கிற பள்ளிக்கூடம் அது. எந்த இடத்துக்கு அனுப்பிவிடுவார்களோ என்று பயந்து உண்மையை மறைத்தாளோ, அதே இடத்துக்கு அவளே டிரங்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

விடுதியைப் பார்த்துக்கொள்கிற அம்மாள் படிவத்தை நிரப்பினார். கடைசியில் 'குழந்தையைப் பற்றி' என்று ஒரு வரி இருந்தது.

"ஏதாவது சொல்லணுமாம்மா?"

"சொல்லணுங்க. நீங்க எழுதிக்குங்க," என்றாள் ஜெகதாம்பாள். "பின்னாடியிருந்து தொட்டா அரண்டுருவா. முன்னாடி போய் நின்னு தொடணும். கரண்டு போனாப் பயந்துருவா, இருட்டுல வாயி தெரியாதுல்ல. அப்பக் கையப் புடிச்சுக்கணும். 'ச', 'ஷ' ரெண்டும் அவளுக்கு ஒண்ணுதான், கேட்டு யாராச்சும் சிரிச்சாப் பேசாம இருந்துருவா. கத்திரிக்கா திங்க மாட்டா. முக்கியமா ஒண்ணுங்க. புரியலன்னாலும் தலைய ஆட்டுவா. நாந்தான் அப்படிப் பழக்கி வச்சேன். அவ ஆட்டுனா நம்பாதீங்க. திருப்பிக் கேளுங்க. கோவப்படாமத் திருப்பிக் கேளுங்க."

ஒரு வரியில் இடம் போதவில்லை. அந்த அம்மாள் தாளைத் திருப்பிப் பின்பக்கமும் எழுதினார். சிவரஞ்சனி ஜன்னலோரம் நின்று, வெளியே கைகளால் பேசிக்கொண்டிருந்த பிள்ளைகளை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இவ்ளோ வெவரமா எந்தத் தாயும் எங்கிட்ட சொன்னதில்லம்மா," என்றார் அந்த அம்மாள்.

ஜெகதாம்பாளால் அதுவரை அடக்க முடிந்தது. அதற்கு மேல் முடியவில்லை.

"இதுல பாதிய அந்த டீச்சர்கிட்ட சொல்லியிருந்தா, எம் புள்ள இன்னிக்கு எங்கூட பஸ்ஸுல வூட்டுக்குத் திரும்பியிருப்பாங்க. புள்ளைக்கு இருக்கற கொறை அசிங்கமே இல்ல. அவளப் பாத்துக்கறவங்ககிட்டயே அத மறைச்சன் பாருங்க, அதான் அசிங்கம். ஊருக்குத் தெரியக் கூடாதுன்னு நெனச்சேன். ஊருக்கெல்லாம் தெரிஞ்சுதான் இருந்துச்சு. தெரிய வேண்டிய வாத்தியார் ஒருத்தருக்குத்தான் தெரியல. இங்க புள்ளையக் கொண்டாந்து வுடற ஒவ்வொருத்தருகிட்டயும் சொல்லுங்கம்மா. எம் புள்ளைய அடிச்சுத் திருத்துங்கன்னு சொல்லி யாரும் ஒப்படைக்க வேணாம். எம் புள்ளைக்கு இது முடியாது, இப்படிச் சொன்னாத்தான் புரியும்னு சொல்லி ஒப்படைக்கச் சொல்லுங்க."